எண்ணூர் கழிமுகமும் காக்கா ஆழியும்: சேற்றில் இறங்கிக் கற்றது

எனக்குச் சொந்த ஊர் தண்டையார்பேட்டை. வண்ணாரப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எண்ணூர். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், முதுகலை விலங்கியலில் ஆய்வுத் திட்டம் கொடுக்கும் வரை கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் நான் கால் வைத்ததே இல்லை. ரயில் ஜன்னலில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கழிமுகத்தின் அடிச்சேற்றில் வாழும் புழு, மட்டி, நண்டு வகைகளைக் கணக்கெடுப்பதுதான் என் வேலை. பிவிசி குழாயில் செய்த சதுரச் சட்டம், சல்லடை, உப்பு அளக்கும் கருவி, குறிப்பேடு. சட்டத்தைச் சேற்றில் பதித்து, அதற்குள் இருக்கும் சேற்றை அள்ளிச் சலித்து, தங்கும் உயிர்களை எண்ண வேண்டும். வகுப்பில் கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது.

முதல் நாள் சட்டம் சேற்றில் பதியவே இல்லை. கல்லில் பட்டதுபோல் சத்தம் வந்தது. கை விட்டு இழுத்தால் கம்பளி மாதிரி ஒரு கொத்து மேலே வந்தது. கறுப்பும் பழுப்புமாக ஆழிகள் (நார் விட்டு ஒட்டிக்கொள்ளும் இரட்டை ஓட்டுச் சிப்பி வகை), ஒன்றோடொன்று நார் பின்னிக் கிடந்தன. 'பச்சை ஆழி, சிறியது' என்று குறிப்பேட்டில் எழுதினேன். படகு ஓட்டிய அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"பச்ச ஆழி இல்லம்மா இது. காக்கா ஆழி. நம்ம ஊரு சரக்கே இல்ல."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் ஒன்றைக் கத்தியால் பிளந்து உள்ளே காட்டினார். ஓட்டின் உட்புறம் கத்திரிப்பூ நிறம். "பச்ச ஆழி குஞ்சா இருந்தா வெளிய பளிச்சுனு பச்சையா இருக்கும். உள்ள வெள்ளையா மின்னும்." அன்றைக்கே அந்த வரியை அடித்துவிட்டு 'காக்கா ஆழி' என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்து தேடியதில், அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்று தெரிந்தது. பழைய கட்டுரைகளில் மைட்டெல்லா சாருவானா என்று இருக்கும். இரண்டு பெயரிலும் தேடாவிட்டால் பாதி விஷயம் தப்பிவிடும். தாயகம் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள். பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் என்று தென்கிழக்கு ஆசியாவில் பரவிய பிறகு, கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் இருப்பது 2019-இல் பதிவானது. சரக்கு இல்லாத கப்பல் நிலையாக மிதப்பதற்காக ஒரு துறைமுகத்தில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு, சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதை இறக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஆழி இளவுயிரிகள் அந்த நீரோடு வந்து சேரலாம், கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியும் வரலாம். இப்படிக் கொட்டும் நீரைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 2004-இல் உருவானது, நடைமுறைக்கு வந்தது 2017-இல். பதின்மூன்று ஆண்டுகள்! எழுதும்போது இப்போதும் மனம் ஆறவில்லை.

கழிமுகத்தில் மழைக்காலத்தில் ஆற்றுநீர் வந்து உப்பு ஏகத்துக்கும் குறையும். கோடையில் கடல் மாதிரி கரிக்கும். பச்சை ஆழிக்கு அந்தக் குறைந்த உப்பு ஒத்துக்கொள்ளாது. காக்கா ஆழி இரண்டையும் தாங்குகிறது. இரை குறைந்தால் பெண் ஆழிகள் ஆணாக மாறுவதைக்கூட ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, வலைகளும் படகுகளும் கூழைக்கடாக்களின் இறகுகளும் கறுத்துப்போன அதே கழிமுகம் இது. அதற்கு முன்பே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த இடம். ஏற்கெனவே நொந்துகிடந்த வீட்டுக்குள் இன்னொரு பாரம்.

ஆனால் இதன் உண்மையான பாதிப்பை எனக்குப் புரியவைத்தது எந்தக் கட்டுரையும் இல்லை, கையால் தடவி இறால் பிடிக்கும் ஒரு அக்கா. இந்த வேலை செய்பவர்கள் பறியை (பிடித்ததைப் போடும் கூடை) பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். பகலில் இறால் சேற்றில் புதைந்திருக்கும். விரல் பட்டதும் அமுக்கிப் பிடித்துப் பறியில் போட வேண்டும். அந்த அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கையெல்லாம் கீறல்.

"எறா பூந்துக்க சேறு வேணும்ல பாப்பா. மேல ஓடு மூடிக்கிச்சுன்னா அது எங்க போவும்?"

அந்த ஒரு கேள்வியில் என் ஆய்வே மாறிப்போனது. அதுவரை எத்தனை ஆழி இருக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஆழிப் படலத்தைத் தூக்கி, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். கறுத்த சேறு, அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் புகாத சேற்றில் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடின் வாடை அது. நான் சலித்த இடங்களில் படலத்துக்கு அடியில் உயிருள்ள மஞ்சள் மட்டி ஒன்றுகூடச் சிக்கவில்லை, காலி ஓடுகள்தான் வந்தன.

இன்னொன்றும் இந்த மீனவர்களிடம் கற்றேன். கொத்தைப் பிய்த்து அங்கேயே தண்ணீரில் போட்டால் ஒரு பயனும் இல்லை. ஆழி புதிதாக நார் விட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். கரையில் கொண்டுவந்து கொட்ட வேண்டும். நானும் மாதிரி எடுத்து முடித்த கொத்துகளைச் சாக்கில் கட்டிக் கரைக்குத் தூக்கிவந்தேன். ஈரச் சாக்கு என்ன கனம் என்று தோளுக்குத் தெரியும்.

கடைசி நாள் அந்த அக்கா என்னை இடுப்பளவு ஆழத்தில் ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "செருப்ப கழட்டிட்டு மிதி," என்றார். ஓடு குத்தவில்லை. கால் மெதுவாக உள்ளே போனது, கணுக்கால் வரைக்கும். கையைவிட்டு ஒரு பிடி சேற்றை அள்ளிச் சல்லடையில் போட்டேன். நாலைந்து புழு, ஒரு குட்டி நண்டு, உயிரோடு இரண்டு மஞ்சள் மட்டி. ஜிபிஎஸ்ஸில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மட்டிகளைத் திரும்பச் சேற்றிலேயே விட்டேன். என்ன பெயரில் பதிந்திருக்கிறாய் என்று அக்கா கேட்டார். அவர் பெயரைச் சொன்னேன்.