டெலிமெட்ரிக்குத் ‘தன்னனுப்பு’: ஒரு பரிந்துரையும் அதற்கான காரணங்களும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மேசைக் கணினி இயங்குதளத்தின் அமைப்புப் பக்கங்களைத் தமிழாக்கிவரும் வேளையில், டெலிமெட்ரி என்ற சொல்லிடம் வந்து நாம் நின்றுவிட்டோம். கணினி தன் இயக்கத்தையும் பயன்பாட்டையும் பற்றிய விவரங்களைத் தானாகவே தயாரிப்பாளருக்கு அனுப்புவதை அது குறிக்கிறது. இதுவரை வந்த மடல்களில் தொலையளவை, கண்டறிதரவு, பயன்பாட்டுத் தரவு, உளவுத்தரவு ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு, வேறொரு சொல்லைப் பரிந்துரைக்கிறேன். மடல் சற்று நீளும், பொறுத்தருள வேண்டுகிறேன்.

தொலையளவையில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. மூலச்சொல்லின் இரண்டு உறுப்புகளும் அதில் அப்படியே உள்ளன. அதைப் பரிந்துரைத்த நாகர்கோவில் நண்பர் ஏவூர்தித் துறையின் வழக்கைச் சான்றாகக் காட்டியிருந்தார். அந்தச் சான்றுக்குக் குமரி மாவட்டத்தில் கூடுதல் மதிப்பு உண்டு என்பதை நானும் அறிவேன். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி கிளம்பிய காலந்தொட்டு, திருவனந்தபுரத்துக்கும் மகேந்திரகிரிக்கும் விண்வெளித் துறை வேலைக்குச் சென்றவர்கள் இங்கே நிறையவே உண்டு. இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவனும், பின்னாளில் அப்பொறுப்புக்கு வந்த நாராயணனும் இம்மாவட்டத்துக்காரர்களே. அத்தகைய வீடுகளில் டெலிமெட்ரி புதிய சொல் அன்று.

ஆனால் ஏவூர்தியில் நடப்பதும் கணினியில் நடப்பதும் வேறு வேறு. ஏவூர்தியின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் தரையிலிருந்து படிப்பவர், அதை உருவாக்கி ஏவி, அதன் வெற்றி தோல்விக்கும் பொறுப்பேற்பவர். எட்ட முடியாத உயரத்துக்கு அது போய்விட்டதால்தான் அளவுகள் தொலைவிலிருந்து வரவேண்டியிருக்கிறது. மேசைக் கணினியிலோ, விலை கொடுத்து வாங்கியவர் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தெரியாத விவரம், எங்கோ இருக்கும் தயாரிப்பாளருக்குத் தெரிகிறது. இங்கே சிக்கல் தொலைவைப் பற்றியது அன்று, யாருடைய கணினி யாருக்கு விவரம் சொல்கிறது என்பதைப் பற்றியது. ஏவூர்திக்குத் தொலையளவை இருக்கட்டும். அமைப்புப் பக்கத்துக்கு அது பொருந்தவில்லை.

கண்டறிதரவு என்பதைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் பலரும் அதன் பக்கம் சாய்ந்திருப்பதாகத் தெரிகிறது. தயாரிப்பாளர்கள் தங்கள் அமைப்புப் பக்கத்தில் பயன்படுத்தும் பெயரின் நேரடித் தமிழாக்கம் அது. மருத்துவர் நோயைக் கண்டறிவதுபோல் கணினியின் கோளாற்றைக் கண்டறிவதற்கான தரவு என்பது அதன் உட்பொருள். அந்தப் பெயர் பொய் என்று நான் சொல்லவில்லை. அனுப்பப்படுவதில் ஒரு பகுதி உண்மையிலேயே கோளாறு பற்றியதுதான். எந்தச் செயலி எப்போது முறிந்தது, எந்தச் சாதன இயக்கி (அச்சுப்பொறி போன்ற சாதனத்தை இயக்கும் மென்பொருள்) ஒத்துழைக்கவில்லை என்பவையெல்லாம் தயாரிப்பாளருக்குத் தெரிந்தால் அடுத்த புதுப்பிப்பில் சரிசெய்ய முடியும். ஆனால் 2015 சூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10-இல் எவ்வளவு தரவு அனுப்பப்படும் என்பதற்குப் பாதுகாப்பு, அடிப்படை, விரிவு, முழுமை என்று நான்கு மட்டங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் மிகக் குறைந்த மட்டம் பெருநிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் உரிய பதிப்புகளில் மட்டுமே கிடைத்தது. வீட்டுக்கு வாங்கியவர் அடிப்படைக்குக் கீழே இறங்க வழியே இல்லை. நோயாளி வேண்டாம் என்று சொல்ல முடியாத சோதனைக்கு ‘கண்டறிதல்’ என்று பெயர் வைப்பது, பெயர் வைப்பவருடைய வசதிக்கே உதவும்.

இது நம்முடைய ஐயம் மட்டுமன்று. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 சூலையில், தேவைக்கு மிஞ்சிய விவரங்களைச் சேகரிப்பதாகச் சொல்லி மைக்ரோசாப்டுக்கு முறையான அறிவிக்கை அனுப்பியது. அடிப்படை மட்டத்தில் சேகரிப்பின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்ட பின்னர், 2017-இல் அதை முடித்துக்கொண்டது. ‘அடிப்படை’ என்று பெயரிடப்பட்டதிலேயே பாதியைக் குறைக்க முடிந்தது என்றால், அந்தச் சொல் முதலில் எதை மூடியிருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. நெதர்லாந்தின் ஆணையமும் 2017 அக்டோபரில், எவ்வகை விவரங்கள் எதற்காக எடுக்கப்படுகின்றன என்பது பயனருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று குறைகண்டது. 2018-இல்தான் அனுப்பப்படும் தரவைப் பயனரே திறந்து பார்க்க ஒரு செயலி தரப்பட்டது. அதைத் திறந்தால் சுருள் அடைப்புகளுக்குள் ஆங்கில நிகழ்வுப் பெயர்கள் வரிவரியாக ஓடும். பொறியாளருக்கன்றி மற்றவர்க்கு அது விளங்காது.

பயன்பாட்டுத் தரவு என்பதைச் சில வரிகளில் முடித்துவிடலாம். கைப்பேசியில் ‘தரவுப் பயன்பாடு’ என்றால் இன்று எத்தனை ஜி.பி. தீர்ந்தது என்று பொருள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் வைத்தால், படிப்பவர் கட்டணக் கணக்கு என்றுதான் நினைப்பார்.

உளவுத்தரவு என்ற சொல்லின் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. 2012-இல் உபுண்டு என்ற திறமூல (மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருக்கும்) இயங்குதளத்தின் 12.10 பதிப்பு வெளிவந்தபோது, பயனர் தன் கணினியில் தேடிய சொற்கள் இயல்பிருப்பாகவே, அதாவது அவர் எதையும் மாற்றாத நிலையிலேயே, வெளியே சென்று, அமேசானின் பொருள்கள் தேடல் முடிவுகளோடு கலந்து வந்தன. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை உளவு மென்பொருள் என்றே அழைத்தார். 2016-இல் வந்த 16.04 பதிப்பில் அது இயல்பிருப்பாக அணைத்துவைக்கப்பட்டது. திறமூலம் என்பதனாலேயே ஒன்று தூய்மையாகிவிடாது என்று நம் குழுவில் சிலர் நினைவில் கொள்ளவேண்டிய நிகழ்வு இது. ஆயினும், கட்டுரையில் எழுத ஏற்ற சொல் வேறு, பொத்தானின் மேல் பொறிக்க ஏற்ற சொல் வேறு. டெபியன் என்ற திறமூல இயங்குதளத்தில் எந்தெந்த மென்பொருள் தொகுப்புகள் பயன்படுகின்றன என்று வாரந்தோறும் அனுப்பும் ஒரு வசதி உண்டு. நிறுவும்போது கேட்கும்; ‘வேண்டாம்’ என்பதே அதன் இயல்பிருப்பு. விரும்பி ‘ஆம்’ என்பவரிடம் போய் உளவுத்தரவு அனுப்பப்படுகிறது என்று சொன்னால் அது அவரை இழிவுபடுத்துவதாகும். கலைச்சொல் இரு தரப்பாருக்கும் பயன்பட வேண்டும்.

இனி, சொல் எங்கே போய் நிற்கப்போகிறது என்பதைச் சொல்கிறேன். கடந்த சூன் மாதம், இடவப்பாதி மழை வலுத்திருந்த ஒரு முற்பகலில், அக்காள் மகனின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று விண்ணப்பிக்கத் தக்கலைப் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் காத்திருந்தேன். மின்சாரம் போய் வந்தது. கணினி மீண்டும் எழுந்தபோது விண்ணப்பப் பக்கம் வரவில்லை. புதுப்பிப்பு நடப்பதாகவும் அணைக்க வேண்டாம் என்றும் அறிவிப்பு வந்தது. வட்டம் சுற்றிச் சுற்றி ஒருவழியாக முடிந்ததும், ஆங்கிலத்தில் ஒரு முழுத்திரை விரிந்தது. தலைப்பில் மேம்பாட்டுக்கு உதவுமாறு ஒரு வேண்டுகோள். கீழே ஏற்பதற்கு அகலமான நீலப் பொத்தான். மறுப்பதற்கான இணைப்பு வெளிர்சாம்பல் நிறத்தில், சிறிய எழுத்தில். வரிசை வாசல்படி வரை நீண்டிருந்தது. “சார், இதில எதை அமுக்கினா சீக்கிரம் போவும்?” என்று அந்த மையத்தை நடத்தும் பெண்மணி கேட்டார், நான் வாய் திறப்பதற்குள் நீலத்தையே அமுக்கிவிட்டார். எந்த இயங்குதளம் என்பது இங்கே பொருட்டன்று. அத்திரை தமிழில் இருந்திருந்தால், அவர் படித்திருக்கக்கூடிய இரண்டு விநாடியில் எந்தச் சொல் அவருக்கு விவரம் சொல்லியிருக்கும் என்பதே நம் கேள்வி. தொலையளவை சொல்லியிராது, கண்டறிதரவும் சொல்லியிராது.

என் பரிந்துரை: தன்னனுப்பு. கணினி தானாகவே, பயனர் ஒவ்வொரு முறையும் ஏவாமலே, தன் இயக்கத்தையும் தன்னைப் பயன்படுத்துவோரையும் பற்றிய விவரங்களைத் தயாரிப்பாளருக்கு அனுப்புதல் என்பது இதன் வரையறை. தன் என்பதன் ஈற்று ஒற்று, தனிக்குறிலை அடுத்து நிற்பதால், உயிர் வரும்போது இரட்டிக்கிறது. தன்னார்வம், தன்னாட்சி, தன்னியக்கம் ஆகியவற்றில் நாம் நாள்தோறும் காணும் புணர்ச்சியே இது. அனுப்பு என்பது பரப்பு, வெட்டு போன்ற முதனிலைத் தொழிற்பெயர். அமைப்புப் பக்கத்தில் வரக்கூடிய வாக்கியங்களில் இட்டுப் பார்த்தேன்: ‘தன்னனுப்பை நிறுத்துக’, ‘தன்னனுப்புத் தரவைக் காண்க’, ‘இக்கணினியில் தன்னனுப்பு அணைந்துள்ளது’. மூன்றும் நெருடலின்றி நிற்கின்றன. யாரையும் குற்றம் சாட்டாமல், ஏதோ வெளியே போகிறது என்ற செய்தியை முதல் பார்வையிலேயே சொல்லிவிடுகின்றன.

இதற்கு எழக்கூடிய தடைகளை நானே எண்ணிப் பார்த்தேன். மடல் செயலியில் ‘அனுப்பு’ என்பது ஏவல். ஆகவே தன்னனுப்பு என்பதையும் ஏவலாகப் படிக்க இடமுண்டு என்று ஒருவர் சொல்லலாம். அந்த அச்சம் பெரிதாகப்பட்டால் தன்னனுப்பல் என்று ஈறு சேர்த்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தரவு, மட்டம், பதிவு என்று அடுத்தடுத்துச் சொற்கள் சேரும் இடங்களில் குறுகிய வடிவமே நன்று. கோப்புகளைக் கணினி தானாக மேகக் கணக்கில் சேர்ப்பதும் தன்னனுப்புத்தானே என்பது அடுத்த தடை. அங்கே போவது பயனரின் கோப்பு, போய்ச் சேர்வது பயனரின் கணக்கு. அதற்கு ஒத்திசைவு என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. இரண்டையும் குழப்பத் தேவையில்லை.

மட்டங்களின் பெயர்களிலும் நாம் கவனமாக இருக்க வேண்டும். விண்டோஸ் 11 பழைய பெயர்களை விட்டுவிட்டு, வேண்டியது, விருப்பமானது என்று இரண்டாகச் சுருக்கிக்கொண்டது. முதலாவதைத் ‘தேவையான’ என்று மொழிபெயர்க்கச் சிலர் முன்வந்துள்ளனர். தேவை யாருக்கு என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. அணைக்க முடியாத ஒன்றைக் ‘கட்டாயத் தன்னனுப்பு’ என்றும், மற்றதை ‘விருப்பத் தன்னனுப்பு’ என்றும் எழுதுவதே நேர்மை.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரிக்கை தெளிவான எளிய நடையில் இருக்க வேண்டும் என்றும், அதை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் உள்ளது. ஆகவே நாம் இங்கே தேரும் சொல், ஆர்வலர்களின் அகராதியோடு நின்றுவிடாமல், நாளை ஓர் ஒப்புதல் படிவத்திலும் ஏறக்கூடும்.

புதுப்பிப்பு பற்றித் தனி இழையில் விவாதம் நடப்பதால் இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். புதுப்பிப்புக்கு மாற்றாகச் சொல்லப்படும் இற்றைப்படுத்தல் என்பதை நான் எழுத்தில் ஏற்கிறேன். ஆனால் இற்றுப்போன ஓலை, இற்று விழுந்த கயிறு என்று பேசிப் பழகிய காதுக்கு அது சரியாக விழவில்லை. புதுப்பிப்பு போதும். அதைவிட முக்கியமானது, பிழைதிருத்தும் புதுப்பிப்பையும் இயங்குதளத்தையே மாற்றிவைக்கும் செயலையும் ஒரே சொல்லுக்குள் போடாதிருத்தல். 2016-இல் விண்டோஸ் 7 கணினிகளில் புதிய பதிப்பான விண்டோஸ் 10, ‘பரிந்துரைக்கப்படும் புதுப்பிப்பு’ என்ற வரிசையில் வந்து சேர்ந்தது. மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கிச் சாளரத்தை மூடினால், குறித்த நேரத்தில் நிறுவ இசைந்ததாகவே அது கொள்ளப்பட்டது. பெயர் வேறாக இருந்திருந்தால் சிலராவது விழித்திருப்பார்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்போ சிலருடைய ஆவணங்களையே அழித்ததால், சில நாள்களில் நிறுத்திவைக்கப்பட்டது. எனவே இரண்டாவதை மேம்படுத்தல் என்று அழைப்பதையும் நான் எதிர்க்கிறேன். மேலானதா என்பதைப் பயனர் பிறகு முடிவு செய்யட்டும். பதிப்பு மாற்றம் என்றால் நடந்தது நடந்தபடி நிற்கும்.

சொல்லடைவில் சேர்க்கும்போது ஒரு வேண்டுகோள். தன்னனுப்பு என்பதைப் பிரித்துத் ‘தன் அனுப்பு’ என்று தேடுவோரும், ‘டெலிமெட்ரி’ என்றே தட்டச்சிடுவோரும் இருப்பார்கள். மூன்று வடிவங்களும் ஒரே பதிவின் கீழ் வரட்டும். மாற்றுச் சொல் வைத்திருப்போர் அதைத் தனியாக எழுதாமல், மேலே நான் தந்த மூன்று வாக்கியங்களிலும் இட்டு எழுதி அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும்.