இரவு பாரா: கேமரா வந்த பிறகும் ரவுண்ட்ஸ் எதற்கு?

கம்பிக்கதவு:
சிறையில் பிளாக்குக்கு பிளாக் கேமரா மாட்டியாச்சு. இன்னும் ராத்திரி முழுக்க வார்டரை (சிறைக் காவலரை) வராண்டாவில் நடக்க விடுவது ஆள் விரயம். மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு 6 கைதிக்கு ஒரு காவலர் என்கிறது. நடைமுறையில் ஒருத்தர் தலையில் எத்தனை பேர் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். கண்ட்ரோல் ரூமில் இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டு மற்றவர்களைப் பகல் மனு (கைதியைப் பார்க்க வருகிறவர்களின் சந்திப்பு), கோர்ட் வேலைக்குத் திருப்புங்கள். ரோந்துப் புத்தகமும் பெயருக்குத்தான். 12 மணி, 1 மணி, 2 மணி கையெழுத்தெல்லாம் ஒரே மையில் ஒரே சாய்வில் இருக்கும்!

பாரா மணி:
புத்தகத்தைப் பற்றிச் சொன்னது சரி, முடிவு தப்பு. கேமராவில் தெரிவது போர்வை மேடு. கம்பிக்கு முன்னால் நின்று டார்ச் அடிக்கிறவன் பார்க்க வேண்டியது தோல்: முகமோ, கையோ, காலோ. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று ஒரு நொடி நிற்க வேண்டும். குறட்டை திடீரென்று நிற்பதும், வாந்தி நாற்றமும், துணி கிழிகிற சத்தமும் திரையில் வராது.

கம்பியும் அப்படித்தான். சாயங்காலம் கைதிகளை உள்ளே அடைத்துப் பூட்டும் லாக்கப்புக்கு முன் தடியால் ஒவ்வொன்றாகத் தட்டணும். முழுக் கம்பி 'ணங்' என்று அதிரும், அறுத்த கம்பி 'டொக்' என்று செத்துப்போகும். வெட்டில் சோப்பும் கரியும் குழைத்து அடைத்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. கேமராவுக்கு எங்கே தெரியப் போகுது?

கம்பிக்கதவு:
கம்பி தட்டுவது சாயங்கால வேலை, அதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. ராத்திரியைப் பற்றித்தான் பேச்சு. கேமரா பதிவாவது பொய் சொல்லாது. பரம்வீர் சிங் வழக்கில் 2020-லேயே உச்ச நீதிமன்றம் கேமரா கட்டாயம் என்றது.

சட்டப்பிரியன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அந்தத் தீர்ப்பு காவல் நிலையங்களுக்கும் விசாரணை அமைப்புகளின் அலுவலகங்களுக்கும் சொன்னது, சிறைக்கு அல்ல. சிறைக்குள் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போகணும். நீதித்துறை நடுவர் விசாரணையும் வரும், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 176(1அ), இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். 196. அங்கே ரோந்துப் புத்தகத்தையும் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். 2 மணிக்குக் கையெழுத்து இருந்து படத்தில் ஆள் இல்லையென்றால், புத்தகமே எழுதாமல் விட்டதைவிட மோசம்.

பாரா மணி:
அதனால்தான் சொல்கிறேன், மணி அடித்தாற்போல் நடக்கவும் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை வருவான் என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்தால் அவனுக்கு 29 நிமிடம் கிடைக்கிறது. தூக்கு மாட்டிக்கொண்டால் மூளை நாலைந்து நிமிடத்தில் கெடத் தொடங்கிவிடும். தற்கொலை ஆபத்து உள்ளவர், குறிப்பாக முதல் வாரத்தில் உள்ள புது அட்மிஷன், ஜாமீன் தள்ளுபடியாகி அன்று கோர்ட்டிலிருந்து வந்தவர், இவர்களை 8, 14, 5 நிமிடம் என்று ஒழுங்கில்லாமல் பார்க்கணும்.

கம்பிக்கதவு:
சரி, பார்த்துவிட்டார். அப்புறம்? சாவி அவரிடம் இருக்கிறதா?

வேலூர்வாசி:
இப்போதுதான் விஷயத்துக்கு வந்தீர்கள். லாக்கப் முடிந்து கைதிகளின் தலைக் கணக்கு ஒத்துப்போனதும் செல் சாவி மெயின் கேட் பக்கம் போய்ப் பெட்டியில் பூட்டப்படும். ராத்திரி திறக்க அதிகாரி வரணும். விசில் அடித்து, வாக்கி-டாக்கியில் சொல்லி, அவர் கேட் கேட்டாகக் கடந்து வருவதற்குள் நாலு நிமிடம் போய்விடும். கேமராவில் பார்த்தாலும் நேரில் பார்த்தாலும் இதே தாமதம்தான்.

இங்கிலாந்தில் இரவு அலுவலரிடம் முத்திரை போட்ட பையில் ஒரு அவசர செல் சாவி இருக்கும். உடைத்தால் காரணம் எழுதணும்.

கம்பிக்கதவு:
பிளாக்குக்குள் சாவியா? கழுத்தில் டவலைப் போட்டு நடிப்பவன் ஒருவன் போதும். வார்டர் பணயம்.

வேலூர்வாசி:
அந்தச் சாவி தனி செல்லை மட்டும் திறக்கட்டும். பிளாக் கேட் வெளிப்பக்கம் பூட்டியே இருக்கும், பணயம் பிடித்தாலும் பிளாக்கைத் தாண்ட முடியாது. பலர் படுக்கும் பெரிய அறைக்கு இது ஆகாது, அங்கே இரண்டாவது ஆள் வரும்வரை கம்பி வழியாகவே பேச வேண்டியதுதான். ஆனால் அங்கே பக்கத்தில் படுத்திருப்பவனே தூக்கிப் பிடித்துவிடுவான். தனி செல்லில் யார் இருக்கிறார்?

பாரா மணி:
சாவி மட்டும் போதாது. ஒருத்தர் தொடையோடு அணைத்து மேலே தூக்கணும், இன்னொருத்தர் முடிச்சுக்கு மேலே அறுக்கணும், முடிச்சை அவிழ்க்கக் கூடாது, அது விசாரணைக்கு வேணும். கழுத்தை நேராக வைத்துப் படுக்கப் போட்டு, மூச்சு இல்லையென்றால் நெஞ்சில் 30 அழுத்தம், வாயில் 2 ஊதல், டாக்டர் வரும்வரை. இதற்கு வளைந்த, மழுங்கிய முனைக் கத்தி வேணும். ஜன்னல் கம்பியில் கட்டிய லுங்கிக் கிழிசலைப் பல்லாலா கடிப்பது?

கம்பிக்கதவு:
அப்படியென்றால் நடப்பவர் ஒருவர், திரையில் ஒருவர், சாவியும் கத்தியுமாகப் பக்கத்து பிளாக்கில் ஓடத் தயாராக ஒருவர். மூன்று பேர். நான் கேட்டது ஆளைக் குறைக்க, நீங்கள் கூட்டிவிட்டீர்கள். இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தால் மேலே யார் கையெழுத்துப் போடுவார்?

வேலூர்வாசி:
மூன்று பேரும் ஒரு பிளாக்குக்கு வேண்டாம். மூன்றாமவர் நாலு பிளாக்குக்குப் பொது, எந்த பிளாக்குக்கும் ஒரு நிமிடத்தில் ஓடி வரும் தூரத்தில் இருந்தால் போதும். எவ்வளவு நேரமாகிறது என்று ராத்திரியில், ஷூ போட்டு, கேட் பூட்டியிருக்கும்போது ஓடிப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுங்கள். பகலில் ஓடிப் பார்த்த நேரம் செல்லாது.