இரண்டு சுருள், ஒரே கரைமடி

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கரைமடி, அதாவது கரையில் நின்று வடம் பிடித்து இழுக்கும் பெரிய மீன்வலை, இழுப்பதைக் குறும்படமாக எடுக்கப் போனபோது எங்கள் நால்வரிடமும் இருந்தவை 16 எம்.எம். படச்சுருள் இரண்டு மட்டுமே. நொடிக்கு 24 பிரேம் வீதம் ஓடினால் 100 அடிச் சுருள் ஒன்று 2 நிமிடம் 46 நொடியில் தீர்ந்துவிடும். ஏற்றி இறக்கும்போது ஒளி படும் முனைகளை நம்ப முடியாது என்பதால், மொத்தம் ஐந்து நிமிடம் என்றே கணக்கு வைத்தோம். இரவல் வாங்கிய போலெக்ஸ் கேமராவோ சாவி முறுக்கி ஓட்டுவது. முழுதாக முறுக்கினாலும் அரை நிமிடத்திற்குச் சற்று முன்பே நின்றுவிடும்.

ஆகவே முதல் நாள் முழுவதும் சுருள் ஏற்றாத கேமராவை ஓடவிட்டு ஒத்திகை பார்த்தோம். வடம் இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"மக்கா, மடி ஒருக்காத்தான் கர ஏறும், பாத்துக்கோ. பருந்து தாழ எறங்குனா கிட்ட வந்தாச்சுண்ணு அர்த்தம்" என்றார்.

எப்போது பொத்தானை அழுத்துவது என்று கைக்கடிகாரத்தோடு மல்லாடிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

ஒளி அளப்பதில்தான் ஏமாற இருந்தோம். அங்குள்ள இல்மனைட் என்னும் கருங்கனிமம் கலந்த கருமணலை நோக்கி மீட்டரைப் பிடித்தால், இடமே இருட்டு என்று எண்ணி லென்சை மிகுதியாகத் திறக்கச் சொல்லும். அதைக் கேட்டிருந்தால் அலை நுரையெல்லாம் வெறும் வெள்ளையாகப் போயிருக்கும். உள்ளங்கையை வெயிலில் நீட்டி அளந்து, அதைவிட ஒரு ஸ்டாப் மட்டும், அதாவது ஒளி இரு மடங்காகும் அளவுக்கு, லென்சைக் கூடுதலாகத் திறந்து வைத்தோம். இரண்டாவது சுருளை வள்ளத்தின் நிழலில் குனிந்து மாற்றியபோது, பிலிம் ஓடும் வாயிலில் ஒட்டியிருந்த நான்கைந்து மணல் துகள்களைத் தூரிகையால் தட்டியெடுக்க நெடுநேரம் ஆயிற்று. ஒரு துகள் தங்கினாலும் சுருள் முழுவதும் கீறல்தான்.

மறுநாள் பருந்துகள் இறங்கியதும் அழுத்தினேன். மடி ஈர மணலைத் தொட்ட கணத்தில், வாய் அவிழுமுன்பே, சாவி தீர்ந்து கேமரா நின்றது. மறுபடி முறுக்கி முடிப்பதற்குள் மீனெல்லாம் கூடைக்குப் போயிருந்தது. எஞ்சிய ஒன்பது அடியில், அதாவது 15 நொடியில், பெரியவர் வடத்தைச் சுருட்டும் கைகளை எடுத்தேன். படத்தில் எனக்குப் பிடித்த காட்சியும் அதுவே.

பின்னர் கைபேசியில் அவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். இறுதிவரை கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, "எல்லாம் கொள்ளாம், மீனு எங்க மக்கா?" என்று கேட்டார்.