மறு: பாலேடாக்கல் – பட்டரும் சீனியும் குழைப்பதற்கு ஒரு சொல்

> கிரீம் என்றால் பாலேடு. ஆகவே கிரீமிங் என்பது பாலேடாக்கல். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஐயா, சொல் இலக்கணப்படி சரிதான். அடுப்படியில்தான் எடுபடவில்லை. போன மாதம் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) பெண்களுக்குச் சீனி பிஸ்கட் செய்முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: 115 கிராம் பட்டர், 100 கிராம் சீனி, 1 முட்டை, 200 கிராம் மைதா (இங்கே மலேசியாவில் கோதுமை மாவு என்று கேட்டால்தான் கடையில் தருவார்கள்), அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர். முதல் வரியிலேயே உங்கள் சொல்லைப் போட்டேன். அன்று மாலை ஓர் அக்கா போன் செய்து, "பாலேடு எத்தனை மில்லி? பட்டியலில் காணோமே?" என்றார்.

பிஸ்கட்டை ஈரட்டி என்று எழுதச் சொன்ன நண்பருக்கும் ஒரு வார்த்தை. ஈரட்டி என்றால் இருமுறை சுட்டது. பிஸ்கட்டின் லத்தீன் மூலத்துக்கும் அதுதான் பொருள். இதை நாம் ஒரே முறைதான் சுடுகிறோம், 180 பாகை செல்சியஸில், பத்து நிமிடம். பிஸ்கட் பிஸ்கட்டாகவே இருக்கட்டும்.

சரி, கிண்ணத்துக்குள் என்னதான் நடக்கிறது? சீனிக் கல்லின் கூரான ஓரங்கள் பட்டருக்குள் காற்றை இழுத்துச் செல்கின்றன. பேக்கிங் பவுடர் புதுக் குமிழ்களை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே சிக்கியிருப்பவற்றைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. அதனால் வெறும் 'குழைத்தல்' போதாது. சோற்றையும்தான் குழைக்கிறோம். 'காற்றேற்றம்' என்றால் எனக்கு மீன் தொட்டிதான் ஞாபகம் வருகிறது. நம் பாட்டிமார் வடைக்கு உளுந்தைப் பொங்கப் பொங்க ஆட்டி, ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பார்களே, அதே காற்றுதான் இது. ஆனால் பட்டர் பொங்குவது அவ்வளவாகக் கண்ணில் படாது. மஞ்சள் வெளிறுவதுதான் படும். அங்கேதான் நிறுத்த வேண்டும். அந்த அடையாளமே சொல்லுக்குள் இருந்தால் சமைப்பவருக்கு உதவி. எனவே என் முன்மொழிவு: வெண்குழைப்பு.

நான் பினாங்கின் பட்டர்வொர்த் ஊர்க்காரி, பட்டரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 18 முதல் 20 பாகை வரை உள்ள பட்டர்தான் காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும். இந்த ஊர் வெக்கையில் மேசையில் மறந்து வைத்துவிட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் சரியாக வெளுக்காது. ஓவனில் பிஸ்கட் ரொட்டி சானாய் (நம் பரோட்டா போன்றது) மாதிரிப் படரும்.

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து வந்த மறுமொழி:

> வெண்குழைப்பு நன்று. ஆனால் என் அம்மா குலா மெலாக்காவை (பனை வகைக் கருப்பட்டியை)த் துருவிப் போட்டு அடிப்பார். எவ்வளவு அடித்தாலும் பழுப்புதான். வெண்மை எங்கே வரும்?

மாட்டிக்கொண்டேன் தம்பி. அது இளம்பழுப்போடு நின்றுவிடும், உண்மைதான். ஆனால் கறுப்புச் சட்டை துவைத்துத் துவைத்துச் சாம்பலானால் 'வெளுத்துப்போச்சு' என்கிறோம் இல்லையா? வெள்ளையாக வேண்டியதில்லை, முன்பு இருந்ததைவிட வெளிறினால் போதும். ஆகவே 'வெண்' வேண்டாம், 'வெளு' இருக்கட்டும்: வெளுகுழைப்பு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, நடுவில் ஒற்று வராது. செய்முறையில் 'வெளுக்கக் குழைக்கவும்' என்று எழுதிவிடலாம்.

தாளைத் திருத்தி நாளை மறுபடி அச்சடிக்கிறேன். முதல் பிரதி அந்த அக்காவுக்கு.