புதுப்பிப்பு: யு.எஸ்.பி வைஃபை அடாப்டர் எவ்வளவு தூரம் எட்டுகிறது?

கணினியை வைஃபையுடன் இணைக்கும் யு.எஸ்.பி அடாப்டர்களில், நக அளவுச் சிறியது, வெளி ஆன்டெனா உள்ளது ஆகிய இரண்டில் எது இரண்டு செங்கல் சுவர்களுக்கு அப்பாலுள்ள பின்னறை வரை எட்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது இரண்டையும் அதே மேசையில், அதே ரவுட்டருடன் இணைத்துப் பார்த்துவிட்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிறியது −78 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; சுழியை நெருங்க நெருங்க வலிமை அதிகம்) காட்டிய இடத்தில் ஆன்டெனா உள்ளது −66 காட்டியது. 5 கிகாஹெர்ட்ஸில் சிறியது இணையவே இல்லை.

ஆனால் சிறியதைக் கணினியின் பின்புறமுள்ள நீல நிற யு.எஸ்.பி 3.0 துளையிலிருந்து கழற்றி, நீட்டிப்புக் கேபிள் வழியாக மேசை விளிம்பில் வைத்ததும், 2.4 கிகாஹெர்ட்ஸில் அடிக்கடி அறுந்துகொண்டிருந்த இணைப்பு நிலைத்துவிட்டது. யு.எஸ்.பி 3.0 தரவோட்டம் அந்த அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புவதை இன்டெல் 2012-லேயே விளக்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, கணினியின் உலோகப் பெட்டியும் அலையை மறைக்கிறது. பின்னறைக்கு ஆன்டெனா உள்ளதையே வைத்துக்கொள்கிறேன், அதுவும் கேபிளோடுதான்.