வட்டி குறைவு என்று ஃபிராங்கில் எடுத்த கடன்

2012இல் யூரோ புழங்கும் ஒரு நாட்டில், வாடகைக்கு விடுவதற்காகவே ஒரு ஃபிளாட் வாங்கினேன். வாடகை யூரோவில் வரும். கடனை மட்டும் சுவிஸ் ஃபிராங்கில் எடுத்தேன், வட்டி குறைவு என்பதால். "ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம்னு சுவிஸ் மத்திய வங்கியே போன வருஷம் அறிவிச்சிருக்கு சார், பயப்படாதீங்க" என்றார் தரகர். அதையே வீட்டில் சொல்லி மனைவியையும் சம்மதிக்க வைத்தேன்.

2015 ஜனவரி 15 அன்று அந்த வரம்பை வங்கி முன்னறிவிப்பில்லாமல் கைவிட்டது. மாலைக்குள் ஒரு யூரோவும் ஒரு ஃபிராங்கும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. எனக்கு 1,20,000 ஃபிராங்க் பாக்கி இருந்தது. காலையில் அதை அடைக்க ஒரு லட்சம் யூரோ போதும், மாலையில் கிட்டத்தட்ட 1,20,000 யூரோ வேண்டும். வாடகை என்னவோ அதேதான். மூன்று வருடம் கட்டிய அசல் ஒரே நாளில் கரைந்தது.

அடுத்து வந்த கடிதம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டு மதிப்பில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் கடன் போனால் கூடுதல் தொகையை ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று பத்திரத்தில் இருந்திருக்கிறது. கையெழுத்துப் போடும்போது வட்டிப் பக்கத்தை மட்டுமே நான் கவனித்திருந்தேன். குழந்தைகள் படிப்புக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினேன். பிறகு நஷ்டத்தோடு கடனை யூரோவுக்கு மாற்றிக்கொண்டேன்.

*

அண்ணா, படிக்கவே மனசு கனக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 மார்ச் 21 முதல் புதிய விதி வந்தது. அயல் நாணயக் கடன் என்றால் வேறு நாணயத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையோ, மாற்று விகித இழப்பைக் கட்டுப்படுத்தும் வேறு வழியோ இருக்க வேண்டும். அதை நம்பித்தான் 2018இல் நானும் அங்கே வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கக் கடன் கேட்டுப் போனேன். ஆனால் வாடகைக்கு விடும் வீட்டுக் கடனை இந்த விதியிலிருந்து ஒதுக்கிவைக்க நாடுகளுக்கு அதே சட்டம் இடம் தருகிறது. நான் வாங்கிய நாடு ஒதுக்கிவைத்திருந்தது. வங்கி அதிகாரி அதை நேராகவே சொன்னார், நல்ல மனிதர். வெளிநாட்டில் வசிப்பவன் என்பதால் கடனும் குறைவாகத்தான் கொடுத்தார்கள். கைப்பணம் அதிகம் போட்டு, வாடகை வரும் நாணயத்திலேயே எடுத்தேன். வருடத்துக்குப் பத்து மாத வாடகைதான் வரும் என்று கணக்குப் போட்டேன். முதல் வருடமே மூன்று மாதம் காலியாகக் கிடந்தது.

*

தம்பி, பத்து மாதக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மூன்று மாதத் தவணையை எப்படிச் சமாளித்தீர்கள்?

*

ஆறு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் பத்திரம் முடித்தேன் அண்ணா. அதே நாணயத்தில்.