மாநாட்டு விருந்தினருக்குப் புறாத்தீவா, கண்டற்காடா?

கொட்டியாரத்தான்:
ஆகஸ்ட் மாதம் எங்கள் திருகோணமலையில் நடைபெறவுள்ள தாவரவியல் மாநாட்டின் மூன்றாம் நாளுக்கு ஏற்பாட்டுக் குழு வகுத்துள்ள சுற்றுலா நிரலைப் பார்த்தேன்: காலையில் கோணேசர் கோயில், பின்னர் புறாத்தீவு, மாலையில் கன்னியா வெந்நீரூற்று. கலியாணத்துக்கு வந்த உறவினருக்கு ஊர் காட்டும் நிரல் இது. மரஞ்செடிகளைப் படிக்க வந்தவர்களுக்கானது அன்று. கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி உப்பாற்றுப் பக்கம், உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டற்காட்டுக்குச் சென்றால், விதை தாய்மரத்திலேயே முளைத்து நீண்டு தொங்கும் கண்டலையும், இலைவழியே உப்பைக் கக்கிச் சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நீட்டியிருக்கும் கண்ணாவையும் ஒரே கரையில் காட்டலாம். அதை விட்டுவிட்டுப் புறாத்தீவில் பவளப்பாறை பார்க்க வள்ளம் ஏற்றுவது ஏன்?

நிலாவெளியாள்:
ஐயா, புறாத்தீவுக்கு வள்ளம் ஏறும் நிலாவெளியில் தாவரவியலாளருக்கு ஒன்றுமில்லை என்ற தொனி எனக்கு உடன்பாடில்லை. வள்ளத்துக்குக் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் அந்த மணலிலேயே அடம்பன் கொடியையும் இராவணன் மீசை என்னும் புல்லையும் பார்க்கலாம். ஆண், பெண் எனச் செடிகள் வேறுவேறாக இருப்பதும், முள்ளுருண்டை போன்ற கதிர் காற்றில் உருண்டோடி விதை பரப்புவதுமான அந்தப் புல், காலையில் கோயிலடியில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவைப் பார்த்துவிட்டு வருபவருக்குப் பெயராலும் இனிக்கும். கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிகின்றன. மானுக்கு எட்டாத உயரத்தில்தான் இலை தொடங்குகிறதா என்று நின்று பார்ப்பதும் தாவரவியலே. மேலும், இரண்டு நாட்கள் மண்டபத்தில் உரை கேட்டுக் களைத்தவர்களை மூன்றாம் நாள் சேற்றில் இறக்குவது விருந்தோம்பலாகாது.

கொட்டியாரத்தான்:
இராவணன் மீசையை நான் மறந்தது தவறுதான், தங்கச்சி. ஆனால் அதைப் பார்க்கக் கரை போதும், தீவு வேண்டாம். 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்தச் சிறு தீவில் ஓர் இலையைக்கூடப் பறிக்க இயலாது. பெருங்கூட்டமாகப் போனால் பவளத்தை மிதிக்கும் கால்கள்தாம் கூடும்.

மரக்காலை மகன்:
இருவரும் காட்டை மறந்துவிட்டீர்கள். தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்றில் ஊரே காய்ந்து கிடக்கும் ஆகஸ்டிலும் பாலை மரமும் வீரை மரமும் பச்சையாகவே நிற்கும். தமிழகத்தின் சோழமண்டலக் கரையில் கோயிற்காடுகளாக ஆங்காங்கே எஞ்சியிருப்பதும் இந்த உலர் பசுமைக்காடுதான். அங்கிருந்து வருபவர்களுக்கு இங்கே ஒப்பிட்டுப் பார்க்க நிறைய உண்டு. நம் ஊர்ப் பெயராலேயே மரவணிகர் ஆங்கிலத்தில் அழைத்த சாவண்டலை மரத்தை ஒருமுறையேனும் காட்டாமல் விருந்தினரை அனுப்பலாமா? கன்னியாவை நிரலில் வைத்துக்கொண்டு, வெந்நீர்க் கிணறுகளில் செலவிடும் நேரத்தைக் குறைத்து, அந்தப் பக்கத்துக் காட்டோரத்தில் ஒரு மணி நேரம் நடக்கலாம்.

நிலாவெளியாள்:
காட்டோர நடை எனக்குச் சம்மதம். தீவுக்கும் கண்டற்காட்டுக்கும் தனித்தனிப் பேருந்து விட்டு, விரும்பியவர் விரும்பிய பக்கம் ஏறட்டும்.

கொட்டியாரத்தான்:
அப்படியே குழுவுக்கு எழுதுகிறேன். எங்கள் பேருந்தில் ஏறுவோர் பழைய செருப்பும் மாற்றுடையும் கொண்டுவரட்டும். கரையில் தில்லை மரத்தின் கிளையை யாரும் ஒடிக்க வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் பிற்பகல் முழுவதும் வைத்தியசாலையில்தான் கழியும்.